யோசனை ஐவா குதிரை வாங்கிய கதை

நாங்கள் ஆமிஷ் கிறிஸ்தவர்கள், கார், ரேடியோ, செல்போன் எதுவும் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியில் போகிறவர்கள். எங்கள் சபையில் ஐவா என்று பெயர் வைத்த பெண்கள் பலர். குடும்பப் பெயரும் பாதிப் பேருக்கு ஒன்றுதான். அதனால் ஒவ்வொருத்திக்கும் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டுவிடும். ஊறுகாய் ஐவா ஒருத்தி, மேட்டுவீட்டு ஐவா ஒருத்தி. என் கணவர் ரோமனின் தங்கைக்கு யோசனை ஐவா.

அந்தப் பெயர் ஒரு ஜோடி பனிக்காலணியால் வந்தது. கடைக்குப் போகும்போதெல்லாம் அதை எடுத்து, அடிப்பக்கத்தை வளைத்துப் பார்த்து, கையை உள்ளே விட்டுப் பார்த்து, திரும்ப வைத்துவிடுவாள். அதே காலணி போட்டிருக்கிறவர்களைக் கண்டால், "ஈரம் உள்ள வருதா? குதிகால் வலிக்குதா?" என்று விசாரிப்பாள். கடைசியில் வாங்கியே விடுவது என்று முடிவு செய்து போனபோது பனியெல்லாம் உருகி, கடைக்காரர் வாசலில் தக்காளி நாற்று அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்கிக்கோ ஐவா. அடுத்த பனிக்குள்ள யோசிச்சு முடிச்சிடலாம்" என்றார். சிரித்துக்கொண்டே வாங்கி வந்தாள். அந்தக் காலணி இன்றும் அவள் காலில்தான் இருக்கிறது.

பெற்றோர் போன பிறகு அவள் எங்களோடு மாடி அறையில் இருந்தாள். திருமணம் ஆகவில்லை. சீஸ் ஆலையில் கட்டிகளை உறையில் இடும் வேலை. காலையில் ஆலை வேன் வந்து அழைத்துப் போகும், மாலையில் கொண்டுவந்து விடும். மற்றபடி ஆராதனை, கடை, நோயாளியைப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் ரோமனின் வண்டிதான். லாயத்தில் ஒரே குதிரை. அது ரோமனுடைய மரச்சாமான் பட்டறை வேலைக்கும் போக வேண்டும். பட்டறை ஆப்பிள் மரங்களுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதற்குப் பின்சாலையிலிருந்து தனிப் பாதை உண்டு. வீட்டிலிருந்து பார்த்தால் கூரை மட்டும்தான் தெரியும்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பேச வேண்டிய இடத்தில் வார்த்தை தொண்டையில் நின்றுவிடும். ஆனால் கண் நிற்பதில்லை. ஐவாவுக்குக் குதிரை வேண்டும் என்பது அவளுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அது பிப்ரவரியில் தொடங்கியது. அவளுடைய பள்ளிக்கூடத் தோழி லவீனா ஆற்றுக்கு அப்பால் ஒரு பண்ணையில் சாகக் கிடந்தாள். சேதி வந்தபோது ரோமன் வண்டியை எடுத்துக்கொண்டு மேஜை கொடுக்கப் போயிருந்தார். சபையைச் சேராத, கார் வைத்திருக்கும் வெளியாட்களைக் கூப்பிட்டுப் பார்த்தோம். பனியில் யாரும் வரத் தயாராக இல்லை. ஐவா கறுப்புத் தொப்பியின் நாடாவைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் ரொட்டி மாவு பிசைந்தேன், அது உப்பியது, சுட்டு எடுத்தேன். அவள் தொப்பியை அவிழ்க்கவில்லை. ரோமன் வந்தவுடன் குதிரைக்குத் தண்ணீர்கூடக் காட்டாமல் அவளை ஏற்றிக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் லவீனா உயிரோடு இருந்தாளே தவிர, வந்தது யார் என்று அறியும் நிலையைத் தாண்டியிருந்தாள்.

ஐவா யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழுததும் குறைவு. அதன் பிறகுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும் வீட்டுக்குப் போய் இறங்கினால், பெண்களெல்லாம் நேராக உள்ளே போவார்கள். ஐவா மட்டும் களத்தில் கட்டியிருக்கும் குதிரைகளின் கால்களைப் பார்த்துக்கொண்டு மெதுவாக வருவாள். எது காதைப் பின்னால் மடக்குகிறது, எது பக்கத்துக் குதிரையைக் கடிக்கிறது என்று பார்ப்பாள். பனிக்காலணியைப் பார்த்த அதே பார்வை.

ஒரு நாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள். "மெலிண்டா, ஒரு குதிரை குளிர்காலம் முழுக்க எவ்வளவு வைக்கோல் தின்னும்?"

"உனக்கா?" என்றேன்.

துணியை மடித்து வைத்தாள். "சும்மா கேட்டேன்."

எங்களிடையே சும்மா கேட்பது என்பது கிடையாது. ஒரு பொருளைப் பற்றி ஒருவரிடம் விசாரித்தால் அதுவே அறிவிப்பு. வெளியாட்கள் எதையாவது வாங்க நினைத்தால் அறைக்குள் உட்கார்ந்து போன் திரையைத் தட்டிப் பார்த்துக்கொள்கிறார்களாம். யாருக்கும் தெரியாது. நாங்கள் மனிதர்களைத்தான் கேட்க வேண்டும். கேட்டவுடன் அவர்களும் திரும்பக் கேட்பார்கள். ஐவா ஆலையில் இரண்டு பேரிடமும், லாடம் அடிக்க வந்தவரிடமும் விசாரித்திருந்தாள். அடுத்த ஆராதனைச் சாப்பாட்டில், கடலை வெண்ணெய்க் கிண்ணம் எங்கள் மேஜைக்கு வருவதற்கு முன்பே சேதி வந்துவிட்டது.

மேட்டி என்றொருத்தி, குரலை அடக்கத் தெரியாதவள், மேஜையின் மறு கோடியிலிருந்து கூப்பிட்டாள். "ஏண்டி ஐவா, குதிரை வாங்கப் போறியாமே! எந்த ஊர்ல இருக்கான் மாப்பிள்ளை? ரொம்ப தூரமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். ஐவாவின் காது சிவந்தது. "மாப்பிள்ளை தூரமா இருந்தா அவன்தானே மேட்டி குதிரை வாங்கணும்?" என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஆலையில் கூட வேலை செய்யும் பெண், "குதிரை எதுக்கு? பேட்டரி சைக்கிள் வாங்கு. சாணி அள்ள வேண்டாம்" என்றாள். எங்கள் சபை பேட்டரி சைக்கிளுக்கு இன்னும் சரி என்று சொல்லவில்லை. வாதத்துக்காக மருந்து தேய்த்துக்கொள்ளும் ஒரு முதியவள், "குட்டையா ஒரு மட்டக்குதிரை வாங்கு, ஏறி இறங்க முட்டிக்கு நல்லது" என்றாள். குதிரை வியாபாரி கிறிஸ்ட், "எங்கிட்ட ஒரு கறுப்பன் இருக்கான். எட்டு வயசு. ரோட்டுல விட்டா காத்து மாதிரி போவான். உனக்காகத்தான் யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன்" என்றார். ஐவா எல்லோருக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்.

"ஒவ்வொருத்தரும் அவங்கவங்களுக்கு வேணும்கிறதைச் சொல்றாங்க மெலிண்டா. இல்லன்னா, வேணாம்கிறதை என் தலையில கட்டப் பாக்கறாங்க."

குதிரைச் சந்தைக்கும் ஒருமுறை போய் வந்தாள். பலகைப் படிகளில் ஆண்கள் நடுவே தனியாக உட்கார்ந்திருந்தவளை, பக்கத்தில் இருந்தவர் கேட்டாராம்: "உன் அண்ணனுக்காகப் பாக்க வந்தியாம்மா?" அதற்கு மேல் அவளுக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை.

ரோமன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பேசாமல்தான் இருந்தார். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் உன்னை எங்க கூட்டிட்டுப் போகல? சொல்லு. ஊர்ல என்ன நினைப்பாங்க? அண்ணன் பாத்துக்கலைன்னுதானே?"

"நீ நல்லாத்தான் பாத்துக்கற."

"அப்புறம் எதுக்கு?"

ஐவா தட்டை ஓரமாக நகர்த்தினாள். "கேட்டா கூட்டிட்டுப் போற ரோமன். ஒரு தடவையாவது கேக்காம போகணும்னு இருக்கு."

ரோமனுக்கு அது விளங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் லாயம் அவருடையது. அவர் இடம் தராவிட்டால் ஐவா குதிரையைத் தன் மாடி அறையில்தான் கட்ட வேண்டும். அது மூவருக்கும் தெரியும். "நல்ல குதிரை கிடைக்கட்டும், பாக்கலாம்" என்றார்.

நல்ல குதிரை கிடைத்தது. எங்கள் சபையின் டீக்கன் ஜோனஸ் அந்தக் குளிர்காலத்தில் இறந்திருந்தார். அவருடைய ஜூனி என்ற செந்நிறப் பெண்குதிரையை விற்கப் போவதாக விதவை ஃபேனி சொல்லியனுப்பினாள். நாங்கள் இருவரும் போய்ப் பார்த்தோம். ஐவா பல் பார்த்தாள், குளம்பைத் தூக்கிப் பார்த்தாள், கண்முன்னே கையை ஆட்டிப் பார்த்தாள். பிறகு கேள்விகள்.

"லாரி பக்கத்துல போனா மிரளுமா?"

"போன வருஷம் சிமெண்ட் லாரி உரசிக்கிட்டுப் போச்சு. காதைக்கூட ஆட்டல."

"பாலம்? தண்டவாளம்?"

"எல்லாம் தாண்டும்."

"வேகம்?"

"வேகமா! எங்க வீட்டுக்காரர் போற வேலைக்கு வேகம் எதுக்கு?" என்று ஃபேனி சிரித்தாள். "சாவு வீட்டுக்கும் சண்டை வீட்டுக்கும் மெதுவாப் போனாப் போதும்னு சொல்வார்."

"ஏதாவது குறை இருந்தா சொல்லிடுங்க ஃபேனி."

"எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆனா நான் அது பின்னாடி அதிகம் உக்காந்ததில்ல. அவர் எங்க போறார்னு சொல்ல மாட்டார். நானும் கேக்க மாட்டேன். சபை விஷயமாச்சே."

யாராவது சபை ஒழுங்கை மீறினால் முதலில் வீட்டுக்கு வந்து தனியாகப் பேசுகிறவர் டீக்கன்தான். சேதி வெளியே போகாமல் முடிந்தவரை அங்கேயே தீர்த்துவிடுவார். ஜோனஸ் அதில் கெட்டிக்காரர். அவரோடு எத்தனையோ வீட்டு விஷயங்கள் மண்ணுக்குள் போய்விட்டன என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அன்று மாலை ஐவா சொன்னதைக் கேட்டு ரோமனின் முகம் மாறியது. "ஜோனஸ் குதிரையா? அது வேண்டாம்."

"ஏன்?"

"முன்னங்கால் முட்டி வீங்கும். குளிர் வந்தா நொண்டும்."

"யார் சொன்னா?"

"கேள்விப்பட்டேன்."

ஐவா மறுநாளே லாடம் அடிக்கிறவரைப் பிடித்துக் கேட்டாள். "ஜூனிக்கா? அது கால் அவ்வளவு நேரு. அதை வெச்சு நான் கணக்கு வாத்தியாருக்கு நேர்கோடே காட்டலாம்" என்றார் அவர். இப்போது அவளிடம் இரண்டு சேதிகள், ஒன்றுக்கொன்று எதிராக. இரவு என் அருகே வந்து நின்றாள்.

"ரோமன் பொய் சொல்ற ஆள் இல்லையே மெலிண்டா?"

"இல்ல" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குப் போன இலையுதிர்காலம் நினைவுக்கு வந்தது. சில மாலைகளில் அவர் பட்டறையிலிருந்து வந்து, சூப்பைத் தொடாமல், வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு மரம் சரியாகக் காயவில்லை என்றார். மரம் காயாததற்கு ஒரு மனிதன் இவ்வளவு வருந்துவானா என்று அப்போது நினைத்தேன். நினைத்ததோடு சரி.

"ஓட்டிப் பாத்துடுவோம்" என்றாள் ஐவா. "முட்டியில கோளாறு இருந்தா தெரிஞ்சிடும்."

சனிக்கிழமை காலை ஃபேனி ஜூனியைத் தன் வண்டியிலேயே பூட்டிக் கொடுத்தாள். ஐவா கடிவாளத்தைப் பிடித்தாள், நான் பக்கத்தில். மேட்டில் ஏறி இறங்கினோம். லாரி போனது. சுற்றுலாப் பேருந்து ஒன்று எங்களைப் படமெடுத்துக்கொண்டே போனது. ஜூனி எதையும் கண்டுகொள்ளவில்லை. நடை தண்ணீர் போல இருந்தது. ஐவாவின் தோள் மெல்லத் தளர்வதைப் பார்த்தேன்.

கிறிஸ்ட் வீட்டுச் சந்து வந்ததும் ஜூனி தானாகவே உள்ளே திரும்பியது. ஐவா கடிவாளத்தை இழுத்தாள். அது கேட்கவில்லை. அவசரமில்லாமல் நடந்து, களஞ்சியக் கதவு முன் போய் நின்றது.

கிறிஸ்ட் வெளியே வந்தார். வண்டியின் மூடுகூரைக்குள் யார் என்று பார்க்கவில்லை. குதிரையைத்தான் பார்த்தார். ஜோனஸுக்குப் பிறகு புது டீக்கன் அந்தக் குதிரையில் வந்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டும்.

"சரி, சரி! கறுப்பனுக்கு எட்டு வயசு இல்ல, பதினொண்ணு. ஐவாகிட்ட நானே சொல்லிடறேன், போதுமா?"

ஐவா தலையை வெளியே நீட்டினாள். "போதும் கிறிஸ்ட்" என்றாள்.

அவருடைய தாடிக்குள் வாய் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஜூனி அவரைப் பார்த்தபடி நின்றது. தட்டினாலும் நகரவில்லை. டீக்கன் வழக்கமாகப் பேசி முடிக்க ஆகும் நேரம் ஆன பிறகுதான் பெருமூச்சு விட்டுத் திரும்பியது.

சாலைக்கு வந்ததும் ஐவாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வண்டி கவிழ்கிற மாதிரி சிரித்திருப்போம்.

அடுத்து மேட்டி வீடு. ஜூனி திரும்பும்போதே சமையலறை ஜன்னலில் மேட்டியின் தலை தெரிந்து மறைந்தது. உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பாட்டு பட்டென்று நின்றது. அவள் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்து எங்களைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தாள்.

"அடிப்பாவிங்களா! நீங்களா?"

"நாங்க வரல மேட்டி. இதுதான் கூட்டிட்டு வந்துச்சு" என்றாள் ஐவா.

மேட்டி குதிரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "ரேடியோ என் மகனோடது" என்றாள் ஈனக்குரலில். அந்தக் குரல் அவளுக்கு உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு, "அது எப்படியும் கொஞ்ச நேரம் நகராது. ஜோனஸ் ஒரு கோப்பை முடிக்காம போக மாட்டார். உள்ள வாங்க, காப்பி இருக்கு" என்றாள்.

காப்பி குடித்தோம். வெளியே வந்தபோது ஐவாவின் முகத்தில் சிரிப்பு இல்லை, யோசனை.

"எல்லாத்தையும் கேட்டேனே மெலிண்டா. பல்லு, கால், லாரி. எங்க போய்ப் பழக்கம்னு கேக்கத் தோணலையே."

"கேட்டிருந்தாலும் சொல்ல ஆள் இல்ல" என்றேன்.

பின்சாலை வழியாக வீட்டுக்குத் திரும்பினோம். அந்தச் சாலையில் எங்கள் நிலம் தொடங்கும் இடத்தில் பட்டறைக்குப் போகும் பாதை பிரிகிறது. வீட்டுக்குப் போக இன்னும் நேரே போய் வளைய வேண்டும். ஐவா கடிவாளத்தைத் தளர்வாகத்தான் பிடித்திருந்தாள். ஜூனி பாதையில் திரும்பி, ஆப்பிள் மரங்களுக்குக் கீழே நடந்து, பட்டறையின் பின்கதவு முன் நின்றது. நன்றாகத் தெரிந்த கதவு போல மூக்கால் அதை ஒரு தள்ளு தள்ளியது.

ஐவா கடிவாளத்தை இழுக்கவில்லை.

கதவு திறந்தது. ரோமன் கை முழுக்க மரத்தூளோடு நின்றார். குதிரையைப் பார்த்து, பிறகு எங்களைப் பார்த்தார். அவர் முகம் மரத்தூளை விட வெளுத்திருந்தது. அப்போது பட்டறைக்குள், பிசின் டப்பாக்கள் வைக்கும் இழுப்பறையிலிருந்து, ஒரு செல்போன் மணி அடித்தது.

அடித்தது, அடித்தது. ரோமன் திரும்பிப் பார்க்கவும் இல்லை. சிறு பையனைப் போலக் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அந்த இலையுதிர்கால மாலைகளின் காரணம் எனக்கு அப்போது விளங்கியது. முட்டி வீங்கிய கதையும் விளங்கியது.

ஐவா அவரை வையவில்லை. "எடுத்துப் பேசு ரோமன்" என்றாள். "யாரோ மேஜை வாங்க விசாரிக்கறாங்க போல. பாவம், வாங்கறதுக்கு முன்னாடி நாலு பேரைக் கேக்க வேண்டாமா?"

ரோமன் உள்ளே போனார். அவர் குரல் கேட்டது. ஓக் மரமா செர்ரி மரமா, வீட்டில் குழந்தைகள் உண்டா, மேஜையில் எத்தனை பேர் உட்காருவீர்கள். பொறுமையாக, நேர்மையாகச் சொன்னார். ஓக் போதும், செர்ரிக்கு வீண் செலவு வேண்டாம் என்றார். முன்பின் தெரியாத ஒருவருக்கு அவ்வளவு உண்மை சொல்ல முடிந்தது அவரால்.

திரும்பி வந்து, குதிரையின் அருகே குந்தி உட்கார்ந்து, முன்னங்கால் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பிடித்துப் பார்க்கத் தேவையில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"முட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார் தரையைப் பார்த்து.

"ஆமா."

"ஜோனஸ்கிட்ட போனை நிறுத்திடறேன்னு சொல்லியிருந்தேன். அவர் போயிட்டார். இனி யாரு கேக்கப் போறான்னு..." நிறுத்தினார். "இந்தக் குதிரை இங்க வந்தா, அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு..."

"நான் எதுவும் கேக்கல ரோமன். அதுவாத்தான் நின்னுது."

அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "இடது பக்கம் வைக்கோல் கட்டு போட்டிருக்கிற இடத்தை ஒழிச்சுத் தரேன். ஒரு தடுப்பு அடிச்சாப் போதும்."

ஐவா தலையசைத்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "இது நின்னு நின்னுதான் போகும் போலிருக்கே" என்றாள்.

"வேண்டாமா?" என்றேன்.

அவள் ஜூனியின் காதுகளைப் பார்த்தாள். "வேகமாப் போறதுதான் வேணும்னு நெனச்சேன். லவீனாகிட்ட வேகமாப் போயிருந்தா... அப்படியே நெனச்சு நெனச்சு அதுதான் வேணும்னு ஆயிடுச்சு." கடிவாளத்தை மடியில் போட்டாள். "நல்லா இருந்தப்போ அவ வீட்டு வாசல்ல நான் எத்தனை தடவை நின்னேன் மெலிண்டா? விரல் விட்டு எண்ணிடலாம். யாராவது சாகக் கிடந்தாத்தான் போறோம்."

ஃபேனியிடம் குதிரையையும் வண்டியையும் அன்றே பேசி முடித்துவிட்டாள். யோசனை ஐவா ஒரே நாளில் முடிவு செய்தாள் என்பதை இன்றும் யாரும் நம்புவதில்லை.

ரோமன் செல்போனை விட்டுவிட்டு, சாலையோரத்தில் சபை அனுமதியோடு அண்டை வீட்டாரோடு சேர்ந்து போட்டிருக்கும் தொலைபேசிக் கொட்டகைக்குப் போய்ப் பேசுகிறார். வாடிக்கையாளர்கள் சிலர் போய்விட்டார்கள். சிலர் காத்திருக்கிறார்கள். ஜூனி லாயத்தில் தலையை நீட்டினால் முதல் கேரட்டைக் கொடுப்பது அவர்தான்.

ஜூனி இன்னும் அந்தச் சந்துகளில் திரும்பத்தான் செய்கிறது. முதலில் சில வீடுகளில் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும், இழுப்பறை மூடுகிற சத்தம் கேட்கும். ஐவா எதையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். ஒரு துண்டு சீஸ் கொடுப்பாள், குழந்தையைத் தூக்குவாள், குதிரை கிளம்பும்வரை உட்கார்ந்திருப்பாள். மேட்டி ஆராதனைச் சாப்பாட்டில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "முன்னாடி அந்தக் குதிரைத் தலை திரும்பினா வயித்தைக் கலக்கும். இப்போ காப்பிப் பாத்திரத்தை அடுப்புல வைக்கறேன்." பழக்கமில்லாத வீடுகளுக்கும் இப்போது ஐவா கடிவாளத்தை இழுத்துத் திருப்புகிறாள். ஜூனி அவற்றையும் கற்றுக்கொண்டு வருகிறது.

போன செவ்வாய்க்கிழமை ஆலைக்கு விடுமுறை. நான் ஜன்னலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஐவா அந்தப் பழைய பனிக்காலணியைப் போட்டுக்கொண்டு, தொப்பி நாடாவைக் கட்டிக்கொண்டே லாயத்துக்குப் போனாள். வண்டி வெளியே வந்தது. ரோமன் முற்றத்தில் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். இழைப்புளியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். எங்கே என்று கேட்க வாய் திறந்ததைப் பார்த்தேன். பிறகு மூடிக்கொண்டு, ஓடிப் போய் வாசல் கதவைத் திறந்துவிட்டார்.

சந்தின் முனையில் வண்டி ஒரு கணம் நின்றது. ஆற்றுப் பக்கமா, மேட்டுப் பக்கமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஜன்னலில் நீராவி படிந்துவிட்டது. துடைக்கவில்லை.